தோட்டத்தில் அம்மா, கொழும்பில் மகள்: வீட்டில் அளக்கும் பிரசரைத் தூரத்திலிருந்து கவனிப்பது எப்படி?

கேள்வி இதுதான். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் அம்மாவுக்கு 57 வயது, இன்னும் கொழுந்துக்குப் போகிறார். ஆறு வருடமாகப் பிரசருக்கு அம்லோடிபினும் லொசார்டனும் குடிக்கிறார். கொழும்பில் வேலை செய்யும் மகள் டிஜிட்டல் மிசின் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் இருக்கும் பேரன் அளந்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறான். காலையில் 168, பத்து நிமிடம் கழித்து 139, இரவில் 151. கிளினிக்கிலோ எப்போதும் 160க்கு மேல். இதில் எதை நம்புவது, கொழும்பில் இருந்துகொண்டு என்ன செய்வது?

முதலில் மனதைத் தளர்த்திக்கொள்ளுங்கள். இந்த நான்கு எண்களும் ஒரே ஆளுக்கு ஒரே நாளில் வரக்கூடியவைதான். மிசின் பழுது என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். இரத்த அழுத்தம் படியேறினால் ஏறும், பேசினால் ஏறும், சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தால் ஏறும், குளிரில் நடுங்கினாலும் ஏறும். அதனால் தனி எண் ஒன்றை வைத்து யாரும் மருந்தைக் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை. நமக்கு வேண்டியது ஒரே மாதிரி உட்கார்ந்து, ஒரே நேரத்தில், ஒரு வாரம் அளந்து எடுத்த சராசரி. அந்தச் சராசரியைப் பார்த்து மருந்தைப் பற்றி முடிவெடுக்கக் கூடிய ஒருவரும் வேண்டும். இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவதால் பெரிய பயன் இல்லை.

இது வெறும் அபிப்பிராயம் அல்ல. வீட்டில் அளப்பதைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று, அளப்பதோடு நின்றுவிட்டால் மேல் அழுத்தம் (மிசின் காட்டும் இரண்டு எண்களில் பெரியது, மேலே சொன்ன 168 போன்றது) சராசரியாக 1 மி.மீ. (பாதரச அளவு) அளவுதான் குறைகிறது என்று காட்டியது. அளந்ததைப் பார்த்து மருந்தைச் சரிசெய்யவும் ஆலோசனை சொல்லவும் ஆள் இருந்த இடங்களில் 6 மி.மீ. வரை குறைந்தது. 2018இல் இங்கிலாந்தில் 1,182 பேரை வைத்துச் செய்த ஆய்வில், வீட்டு அளவைப் பார்த்து டொக்டர் மருந்தை மாற்றியவர்களுக்கு ஒரு வருட முடிவில் வழமையான கிளினிக் முறையில் இருந்தவர்களைவிட 3 முதல் 5 மி.மீ. குறைவாக இருந்தது. அளவைக் காகிதத்தில் எழுதி அனுப்பியவர்களுக்கும் போன் வழியாக அனுப்பியவர்களுக்கும் ஒரு வருடக் கடைசியில் பெரிய வித்தியாசம் இல்லை. போனில் அனுப்பியவர்களுக்குச் சற்று வேகமாகக் குறைந்தது, அவ்வளவுதான். ஆகவே நல்ல அப் இல்லையே, புளூடூத் மிசின் இல்லையே என்று கவலைப்படத் தேவையில்லை. ஒரு கொப்பியும் ஒரு பேனையும் போதும்.

கிளினிக்கில் ஏன் எப்போதும் 160 என்பதற்கு மலையகத்தில் தனிக் காரணங்கள் உண்டு. கிளினிக் நாளில் அம்மா நாலு மணிக்கே எழும்புகிறார். இருட்டோடு ஏற்றம் ஏறி இறங்கி பஸ்ஸைப் பிடிக்கிறார். நம்பர் எடுக்க வரிசையில் நிற்கிறார். இதற்கெல்லாம் மேலே, வெறும் வயிற்றில் இரத்தம் எடுப்பார்கள் என்று நினைத்து அன்றைய பிரசர் மாத்திரையைக் குடிக்காமல் போகிறார். இப்படிச் செய்பவர்கள் நிறையப் பேர். பார்க்கும் டொக்டருக்கு அது தெரியாது. 160ஐப் பார்த்து ஒரு மாத்திரையைக் கூட்டி எழுதிவிடுவார். டொக்டர் வேறு விதமாகச் சொல்லாத வரைக்கும், சீனி பார்க்கும் நாளிலும் பிரசர் மாத்திரையைக் கொஞ்சம் வெறும் தண்ணீரோடு குடிக்கலாம். சீனி மாத்திரையையும் இன்சுலினையும்தான் சாப்பாட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அடுத்த கிளினிக்கில் இதை ஒரு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

சிலருக்கு டொக்டரைக் கண்டாலே ஏறும், வீட்டில் சரியாக இருக்கும். இன்னும் சிலருக்குக் கிளினிக்கில் 130, வீட்டில் 150. இந்த இரண்டாவது வகைதான் ஆபத்தானது. கிளினிக் கொப்பியில் எல்லாம் நன்றாக இருக்கும், உள்ளே இருதயமும் சிறுநீரகமும் அடி வாங்கிக்கொண்டிருக்கும். இரண்டையும் கண்டுபிடிக்கச் சுலபமான வழி வீட்டில் அளப்பதுதான்.

அளக்கும் முறைக்கு வருவோம். பத்து நிமிடத்தில் 168 எப்படி 139 ஆனது என்பதற்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

காலையில் எழுந்து ஒரு மணித்தியாலத்துக்குள், கக்கூசுக்குப் போய் வந்த பிறகு, தேத்தண்ணிக்கும் மாத்திரைக்கும் முன்னால். மாலையில் இராச்சாப்பாட்டுக்கு முன்னால், அல்லது படுக்கப் போகும் முன். மலையிலிருந்து இறங்கி வந்த கையோடு அளக்கவே கூடாது. குறைந்தது அரை மணித்தியாலம் ஆறட்டும். தேத்தண்ணி குடித்திருந்தாலும், வெந்நீரில் குளித்திருந்தாலும், வெற்றிலை போட்டிருந்தாலும் அதே அரை மணித்தியாலம். வெற்றிலையைக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் சிகரட்டைப் பற்றிக் கேட்பவர்கள் வெற்றிலையைப் பற்றிக் கேட்பதில்லை. பாக்கும் புகையிலையும் சேர்ந்த ஒரு வாய் வெற்றிலை நாடித்துடிப்பையும் அழுத்தத்தையும் ஏற்றும்.

முதுகு சாயக்கூடிய கதிரையில், இரண்டு பாதமும் தரையில் படும்படி, காலைக் குறுக்கே போடாமல் உட்கார வேண்டும். கட்டில் விளிம்பில் கால் தொங்க உட்காருவதும், அடுப்படிப் பலகையில் முழங்காலை மடித்துக் குந்துவதும் சரிவராது. அப்படியே ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். பேரன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து நேரம் எண்ணட்டும். அளக்கும்போது பாட்டியும் பேசக்கூடாது, பேரனும் கேள்வி கேட்கக்கூடாது. அளந்துகொண்டிருக்கும்போதே கொழும்பிலிருந்து போன் எடுத்து "எவ்வளவு காட்டுது?" என்று கேட்பது அந்த எண்ணை ஏற்றிவிடும்.

அடுத்தது கை. கைப்பட்டியின் நடுப்பகுதி நெஞ்சின் நடு உயரத்துக்கு இருக்க வேண்டும். கையை மேசையில் வைத்து, உயரம் போதாவிட்டால் கீழே மடித்த போர்வையோ இரண்டு கொப்பியோ வையுங்கள். கை தானாக அங்கே கிடக்க வேண்டும், தூக்கிப் பிடித்திருக்கக் கூடாது. 2024இல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்தே காட்டியது: கையை மடியில் வைத்தால் மேல் எண் சுமார் 4 கூடுதலாகக் காட்டுகிறது, பக்கத்தில் தொங்கவிட்டால் 6 அல்லது 7 கூடுகிறது. ஒரு மாத்திரை குறைக்கும் அளவில் பாதிக்கு மேல் அது.

கைப்பட்டி வெறும் தோலில் இருக்க வேண்டும். மலைநாட்டுக் குளிரில் இதுதான் பெரிய சிக்கல். சுவெட்டரின் கையை மேலே சுருட்டினால் அது கயிறு மாதிரிப் புயத்தை இறுக்கும், எண் தப்பாகும். இறுக்கமான ரவிக்கைக் கையும் அப்படியே. அளக்கும் நேரத்தில் ஒரு கையை மட்டும் சுவெட்டரிலிருந்து வெளியே எடுத்து, தோளிலும் மடியிலும் போர்வையைப் போர்த்திக்கொள்வது நல்ல வழி. பட்டியின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே நிற்கட்டும். குழாய் கையின் உள்பக்கமாக நடுவிரலை நோக்கி இறங்கட்டும். கட்டிய பிறகு ஒரு விரல் உள்ளே போகும் அளவு இறுக்கம் போதும்.

ஒரு தடவையில் இரண்டு முறை, நடுவில் ஒரு நிமிடம் விட்டு அளக்க வேண்டும். இரண்டையும் எழுத வேண்டும். முதல் எண் பெரும்பாலும் கூடுதலாக வரும், அதற்காக அதை மறைக்கக் கூடாது. நல்லதாக வரும் வரை ஐந்தாறு தரம் அழுத்திப் பார்த்து, கடைசி எண்ணை மட்டும் எழுதுவது நடக்கிற விஷயம். பிள்ளைகள் பயப்படுவார்களே என்ற அன்பில்தான் அம்மாமார் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அதைப் பார்த்து டொக்டர் மருந்தைக் கூட்டாமல் விட்டுவிடுவார். 147ஐ 145 என்றோ 150 என்றோ சுற்றி எழுதவும் வேண்டாம்.

முதல் நாள் மட்டும் இரண்டு கையிலும் அளந்து பாருங்கள். எந்தக் கையில் தொடர்ந்து கூடுதலாக வருகிறதோ அந்தக் கையையே இனி எப்போதும் பயன்படுத்த வேண்டும். இரு கைகளுக்கும் நடுவே திரும்பத் திரும்ப 20க்கு மேல் வித்தியாசம் வந்தால் கட்டாயம் டொக்டரிடம் சொல்லுங்கள். ஒரு பக்க இரத்தக் குழாய் ஒடுங்கியிருக்கலாம்.

குளிரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தோலில் உள்ள சிறு நாளங்கள் குளிரில் சுருங்கும், அழுத்தம் ஏறும். நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கங்களில் தை, மாசியில் உறைபனி விழும் நாட்களில் விடிகாலை அளவு நடுப்பகல் அளவைவிட நன்றாகக் கூடியிருக்கலாம். மிசினுக்கும் குளிர் ஒத்துவராது. பெரும்பாலான மேற்கை மிசின்களின் கையேட்டில் 10 முதல் 40 பாகை செல்சியஸ் வரைதான் சரியாக வேலை செய்யும் என்று போட்டிருக்கும். தகரக் கூரை லயக் காம்பராவில் விடிகாலை அதற்குக் கீழே போகும் நாட்கள் உண்டு. இரவில் மிசினை இஸ்தோப்பிலோ சுவரை ஒட்டியோ வைக்காமல், துணி சுற்றி ஒரு மூடி போட்ட டப்பாவில் உள்ளே வையுங்கள். காலையில் அடுப்பு மூட்டி அறை கொஞ்சம் சூடேறிய பிறகு அளக்கலாம். அதற்காக விறகுப் புகைக்கு நடுவில் உட்கார வைக்கவும் வேண்டாம். உயரத்தைப் பற்றிச் சிலர் பயப்படுகிறார்கள். நுவரெலியா நகரம் கிட்டத்தட்ட 1,870 மீட்டர். வெளிக் காற்றழுத்தத்தை அடிப்படையாக வைத்து அதற்கு மேலே எவ்வளவு என்றுதான் மிசின் அளக்கிறது. ஆகவே நம்முடைய மலை உயரத்தால் எண் மாறிப்போகாது.

இனி மிசினும் பட்டியும். வாங்கிவிட்டீர்கள் என்றாலும் இதைப் பாருங்கள். மேற்கையில் கட்டும் மிசின்தான் வேண்டும். மணிக்கட்டில் கட்டுவது கையின் உயரம் சற்று மாறினாலும் தப்பாகக் காட்டும். கைக்கடிகாரத்தில் பிரசர் காட்டுவதை மருந்துக்கு ஆதாரமாக எடுக்கவே வேண்டாம். உங்கள் மொடலின் பெயரை ‘ஸ்ட்ரைட் பிபி’ (STRIDE BP) என்ற இணையப் பட்டியலில் தேடிப் பாருங்கள். சரிபார்க்கப்பட்ட மொடல்கள் அங்கே கம்பனிவாரியாக இருக்கும். கம்பனி பெயர் பிரபலமானது என்பது போதாது, மொடல் இலக்கமும் ஒத்துவர வேண்டும்.

மொடலைவிட அதிகம் கவனிக்க வேண்டியது பட்டியின் அளவு. மிசினோடு வருகிற சாதாரணப் பட்டி பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கைக்கு. புயத்தின் நடுவே, தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் சரிபாதியில், ஒரு நூலைச் சுற்றி அடிமட்டத்தில் வைத்து அளந்து பாருங்கள். கை பருமனாக இருந்து பட்டி சின்னதாக இருந்தால் எண் கூடுதலாகக் காட்டும். இதைப் பலரும் அறிவார்கள். ஆனால் தோட்டத்தில் நாம் பார்க்க வேண்டியது பெரும்பாலும் எதிர்ப்பக்கம். நாற்பது வருடம் கொழுந்து பறித்த பெண்களில் பலருக்குப் புயம் 20, 21 சென்டிமீட்டர்தான். அந்தக் கைக்கு 22இல் தொடங்கும் பட்டி பெரிது, எண் குறைவாகக் காட்டும். உண்மையில் கூடியிருப்பவருக்கும் குறைத்துக் காட்டி, எல்லாரையும் நிம்மதியாகத் தூங்க வைத்துவிடும். அப்படியானால் அதே கம்பனியின் சிறிய பட்டியைத் தனியாக வாங்க வேண்டும். வேறு கம்பனிப் பட்டியை மாட்டினால் குழாய் பொருந்தினாலும் எண் பொருந்தாது.

அடிக்கடி வரும் பழுதுகள் சில. காற்று ஏறி ஏறி நின்று பிழை காட்டினால் முதலில் குழாயின் முனை மிசினுக்குள் முழுதாகப் போயிருக்கிறதா என்று பாருங்கள். அரைகுறையாகச் செருகியிருப்பதுதான் முக்கால்வாசிக் காரணம். குழாயை இறுக்கமாகச் சுற்றி வைத்தால் மடிப்பில் வெடித்துக் காற்றுப் போகும். பெட்டரி இறங்கினால் பம்ப் மெதுவாகும், பிழை வரும். நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள், பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். பெட்டரியைக் கழற்றினால் சில மிசின்களில் திகதியும் நேரமும் அழிந்துவிடும். அதைத் திரும்பச் சரிசெய்யாமல் விட்டால் நினைவகத்தில் இருக்கும் எண்கள் எந்த நாளுக்குரியவை என்றே தெரியாது. இருதய அடையாளம் ஒன்று துடிப்பு ஒழுங்கில்லை என்று அடிக்கடி காட்டினால் அதை எழுதி வையுங்கள். அந்த நாட்களில் மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள், டொக்டரிடம் ஈசீஜீ பற்றிக் கேளுங்கள்.

லயத்தில் ஒரு வீட்டில் மிசின் வந்தால் அது லயத்துக்கே மிசின். அது நல்லது. பக்கத்து வீட்டு ஆச்சிக்கும் பிரசர் தெரிய வேண்டும்தானே. ஆனால் மிசின் தானாகப் போடும் சராசரியில் ஆச்சியின் எண்ணும் கலந்துவிடும். பல மிசின்களில் இரண்டு பேருக்கு இரண்டு பொத்தான் இருக்கும். முதலாவது அம்மாவுக்கு மட்டும், மற்ற எல்லாருக்கும் இரண்டாவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் மிசினின் நினைவகத்தை நம்பவே வேண்டாம், கொப்பி மட்டும்.

இனி எத்தனை நாள் அளப்பது? தினமும் வருடம் முழுக்க வேண்டாம். அப்படிச் செய்தால் பயம்தான் வளரும், பிறகு சலிப்பு வரும். கிளினிக்குக்கு முந்தைய வாரம் ஏழு நாள், காலை இரண்டு, மாலை இரண்டு. மருந்து மாற்றினால் இரண்டு முதல் நாலு வாரம் கழித்து இன்னொரு ஏழு நாள். அம்லோடிபின் போன்ற மருந்தின் முழு வேலை தெரிய அவ்வளவு நாள் எடுக்கும். மாற்றிய மறுநாளே குறையவில்லை என்று கவலைப்படுவது தேவையில்லாதது. தலை சுற்றும்போதும் பிடரி வலிக்கும்போதும் மட்டும் எடுத்து அளக்கும் பழக்கத்தையும் விடுங்கள். கூடிய பிரசருக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இல்லை. பிடரி வலி வந்தால்தான் பிரசர் என்று நம்பி மாத்திரையை விட்டவர்கள் பலர் பாரிசவாதத்தில்தான் அதை அறிகிறார்கள்.

முதல் நாளின் நான்கு எண்களையும் கணக்கில் சேர்க்காதீர்கள், அன்று பதற்றம் இருக்கும். மீதி ஆறு நாளுக்கு 24 எண்கள் வரும். உதாரணத்துக்கு ஒரு நாளை எடுப்போம். காலை 146/88, 142/86. மாலை 138/84, 136/82. மேல் எண்கள் நான்கையும் கூட்டினால் 562, நான்கால் பிரித்தால் 140.5. கீழ் எண்கள் 340, பிரித்தால் 85. இதே கணக்கை 24 எண்ணுக்கும் போனில் உள்ள கல்குலேட்டரில் செய்தால் வாரச் சராசரி கிடைக்கும். நாள் சரியாக அமையாவிட்டால் மூன்று நாள் அளவாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் முடிவெடுக்க முடியாது.

இந்தச் சராசரியைக் கிளினிக் அளவோடு நேரே ஒப்பிடக் கூடாது. கிளினிக்கில் 140/90 என்பதற்குச் சமமான வீட்டு எல்லை 135/85. வீட்டுச் சராசரி அதற்குக் கீழே இருந்தால் பொதுவாகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று அர்த்தம். சீனி வியாதியோ சிறுநீரகப் பிரச்சினையோ இருந்தால் இன்னும் கீழே, 130/80க்குள் கொண்டுவர டொக்டர் சொல்லலாம். அம்மாவுக்கு எந்த எண் இலக்கு என்பதைக் கிளினிக்கில் கேட்டு, கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். அந்த எண் இல்லாமல் கொழும்பில் இருந்து பார்ப்பவருக்கு நல்லதா கெட்டதா என்று சொல்ல வழியில்லை.

அனுப்பும் விஷயம். இப்போது பேரன் ஒவ்வொரு எண்ணையும் உடனே குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடுகிறான். அதை நிறுத்துங்கள். 168ஐப் பார்த்து சவூதியில் இருக்கும் அண்ணன் போன் எடுப்பார், மாமி வெள்ளைப்பூடு சாப்பிடச் சொல்வார், அம்மா பயந்து போவார், அடுத்த எண் 175 ஆகும். இவ்வளவு பேர் பார்த்தும் பொறுப்பு எடுப்பவர் ஒருவரும் இல்லை. பார்ப்பவர் ஒருவராக இருக்கட்டும், அது நீங்கள்தான். தினமும் கொப்பியில் எழுதட்டும். வாரம் முடிந்ததும் கொப்பிப் பக்கத்தை ஒரு படம் எடுத்து உங்களுக்கு மட்டும் அனுப்பட்டும். சிக்னல் இல்லாத பள்ளத்து டிவிஷன்களில் படம் போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் எஸ்.எம்.எஸ். பெரும்பாலும் போய்விடும். இப்படி ஒரு வரி போதும்: "ஞாயிறு. 24 அளவு. சராசரி 141/85. நாடி 74. கூடினது 158/92. குறைந்தது 126/78. மருந்து தவறினது 1 நாள்."

கடைசியில் இருக்கும் அந்த ‘மருந்து தவறினது’ மிக முக்கியம். சராசரி கூடியிருந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். கிளினிக் நாள் தப்பி மாத்திரை முடிந்திருக்கலாம். மழைக்காலத்தில் மண்சரிந்து பாதை மூடினால் ஒரு வாரம்கூட மாத்திரை இல்லாமல் போகும். ஆகவே பத்து நாளுக்காவது கையிருப்பு இருக்கும்படி பாமசியில் வாங்கி வையுங்கள், கிளினிக் துண்டில் உள்ள அதே மருந்தையும் அதே மில்லிகிராமையும் பார்த்து. இரண்டாவது கேள்வி, உடம்பு வலிக்கு என்ன குடிக்கிறார் என்பது. டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் பிரசரை ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். லொசார்டன் குடிப்பவருக்கு இன்னும் கவனம் வேண்டும். முதுகும் முழங்காலும் வலித்து இதைத் தினமும் போடுபவர்கள் தோட்டத்தில் அதிகம், அதைப் ‘பிரசருக்குச் சம்பந்தமில்லாத மாத்திரை’ என்று நினைத்து சொல்லவும் மாட்டார்கள். மூன்றாவது உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டிக்குள், மொத்த உப்பும் அடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ரொட்டி மாவில் போடும் உப்பு, சம்பல், கருவாடு என்று கூட்டினால் பகல் பன்னிரண்டு மணிக்கே அது தாண்டியிருக்கும். சம்பலில் உப்பைப் பாதியாக்கித் தேசிக்காயைக் கூட்டச் சொல்லுங்கள். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டச் சொல்லுங்கள்.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் சராசரி 135/85க்கு மேல் நின்றால், மருந்தை மாற்ற வேண்டும். அதை நீங்கள் போனில் சொல்லக் கூடாது, பக்கத்து வீட்டு ஆச்சியின் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சேர்க்கவும் கூடாது. சராசரியை ஒரு துண்டில் தெளிவாக எழுதி, கிளினிக் கொப்பியின் உள்ளே ஸ்டேப்பிள் செய்துவிடுங்கள். டொக்டருக்கு ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். 24 எண்ணைக் கூட்டிப் பார்க்க அவருக்கு நேரம் இல்லை, ஒரு வரிச் சராசரியைப் பார்க்க நேரம் இருக்கும். "வீட்டு அளவு, 6 நாள், 24 தரம், சராசரி 141/85, மாத்திரைக்கு முன் அளந்தது" என்று எழுதினால் அவர் அதை எடுத்துக்கொள்வார். இடையில் கேட்க வேண்டுமானால் யாரைக் கேட்பது என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். டவுனில் பழக்கமான ஒரு டொக்டர், அல்லது கிளினிக்கில் அனுமதித்தால் அங்கே. தோட்டத்து டிஸ்பென்சரியில் இருப்பவரிடமும் மிட்வைஃப் அம்மாவிடமும் இந்தக் கொப்பியைக் காட்டி வையுங்கள். வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை மூன்றின் கிராமப்புறங்களிலும் செய்து 2020இல் வெளியான ஓர் ஆய்வில், சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே போய் அளந்து, ஆலோசனை சொல்லி, தேவையானவர்களை டொக்டரிடம் அனுப்பிய கிராமங்களில் இரண்டு வருடத்தில் மேல் அழுத்தம் மற்றக் கிராமங்களைவிட 5 மி.மீ. அளவு கூடுதலாகக் குறைந்தது. நம் ஊரிலும் வீட்டு வாசலில் கால் வைக்கும் ஆட்களால்தான் இது நடக்கிறது.

அவசரம் எது? 180/120க்கு மேல் காட்டினால் பட்டியைக் கழற்றி, ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து, திரும்ப அளக்க வேண்டும். திரும்பவும் அப்படியே இருந்து, நெஞ்சுவலி, மூச்சு வாங்கல், வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், தாங்க முடியாத தலைவலி இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்குப் போன் எடுங்கள். நெஞ்சுவலியோ, வாய் கோணலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சியோ, பேச்சுக் குழறலோ இருந்தால் எண் என்ன காட்டினாலும் 1990தான், அளந்துகொண்டு நிற்க வேண்டாம். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. டிவிஷன் பெயர், எந்த மெயின் ரோட்டிலிருந்து எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவர் டோர்ச்சோடு ரோட்டு முனைக்கு இறங்கி நிற்க வேண்டும். இதை ஒரு மட்டையில் எழுதி மிசின் டப்பாவின் மூடியில் ஒட்டிவிடுங்கள், பதற்றத்தில் பேரனுக்கு வாய் வராது. அறிகுறி ஒன்றும் இல்லாமல் எண் மட்டும் உயர்ந்திருந்தால் அன்றைய மாத்திரை தவறியதா என்று பார்த்து, அன்றே டொக்டரைக் காட்ட வேண்டும். நிஃபெடிபின் கப்சூலைக் கடித்து நாக்குக்குக் கீழே வைக்கும் பழைய வைத்தியத்தை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். அழுத்தம் சடாரென்று விழுந்து மூளைக்கும் இருதயத்துக்கும் இரத்தம் போதாமல் ஆகும்.

குறைவதையும் பார்க்க வேண்டும். காலையில் எழும்பும்போது கண் இருட்டுகிறது, மலையில் நிற்கும்போது தள்ளாடுகிறது என்றால், உட்கார்ந்து அளந்த பிறகு எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் அளக்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல், அல்லது கீழ் எண் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அதை அந்த வாரமே டொக்டரிடம் சொல்ல வேண்டும். கொழுந்துக் கூடையோடு சரிவில் நிற்பவருக்கு ஒரு மயக்கம் போதும் இடுப்பு எலும்பை முறிக்க. அம்லோடிபினால் கணுக்கால் வீங்கினாலும் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. வேறு மருந்துக்கு மாற்ற வழி இருக்கிறது, கேட்டால் செய்வார்கள்.

அடுத்த கிளினிக்குக்கு அம்மா போகும்போது மிசினையும் பட்டியையும் பையில் கொடுத்துவிடுங்கள். நேர்சிடம் கேட்டு, ஒரே கையில், ஒரு நிமிட இடைவெளியில் மாறி மாறி அளக்கச் சொல்லுங்கள்: அவர்களுடையது, உங்களுடையது, திரும்ப அவர்களுடையது. அவர்களின் இரண்டு எண்ணின் சராசரிக்கும் உங்கள் மிசினுக்கும் 5க்குள் வித்தியாசம் என்றால் நல்லது. 10க்கு மேல் என்றால் முதலில் பட்டியின் அளவையும் குழாயையும் பாருங்கள். அவை சரியாக இருந்தும் அப்படியே வந்தால் அந்த மிசினின் எண்ணை வைத்து மருந்தை மாற்ற வேண்டாம், வேறு மிசின் எடுங்கள். இந்தச் சோதனையை வருடத்துக்கு ஒரு முறை செய்து, திகதியை மிசினின் அடியில் ஒரு துண்டு பிளாஸ்டரில் எழுதி ஒட்டி வையுங்கள்.